இடது பக்கத்து சீட்டு

ஏனுங்ணா, அந்தச் சத்தத்தை மட்டும் சித்தெ கொறைச்சுக்கறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஆடுங்க, வேண்டாங்கலை. உங்க போனு, உங்க வெரலு. ஆனா அந்த டயர் கிறீச்சுன்னு கத்தற சத்தம் இருக்குது பாருங்க, அது எனக்கு ஆகவே ஆகாதுங்க. உக்கடத்துல பஸ்ஸை எடுத்ததுல இருந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். சுந்தராபுரமும் தாண்டியாச்சு. இனி முடியலை.

கார் ரேசுதானுங்களே? எட்டிப் பார்க்காமயே சொல்லுவேன். கருமம், எந்த ரேசா இருந்தாலும் அதே கடலோர ரோடு, அதே செவப்புக் காரு.

நான் இன்சூரன்ஸ் சர்வேயருங்க. பேரு பூபாலன். அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, எது நசுங்கியிருக்குது, எதை மாத்தணும், எதைத் தட்டி எடுத்தாப் போதும்னு சொல்றவன். காலையில எந்திரிச்சா நசுங்குன பானெட்டு மொகத்துலதான் முழிக்கறது. அப்படிப்பட்டவன் கண்ணு முன்னால ஒரு காரு பாறையில போய் முட்டி, மேல பறந்து, ஆகாசத்துல குட்டிக்கரணம் போட்டு, மறுபடியும் நாலு சக்கரத்துல வந்து எறங்கி, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுனா எப்படி இருக்கும்? ஒரு கீறல் இல்லீங்க. ஹெட்லைட்டுகூட ஒடையறதில்லை. அதைப் பார்த்துப் பெரிய மனுசங்க கை தட்டறாங்க. சீ.

நானா போய் இதுல மாட்டலைங்க. பொண்ணு பார்க்கப் போன எடத்துல மாட்டுனேன்.

எங்க அக்கா சிவகாமி பொள்ளாச்சியில குடியிருக்கறா. அம்மா போனதுக்கப்பறம் எனக்குப் பொண்ணு தேடறது அவ வேலை. இப்பெல்லாம் ஊட்டுக்கு வந்து பஜ்ஜி தின்னுட்டுப் போறதில்லையாமுங்க. கோயமுத்தூர்ல ஒரு பெரிய மாலு, அங்க பொதுவா ஒக்காந்து பேசிக்கலாம்னு பொண்ணூட்டுல சொல்லிட்டாங்க. சரின்னு போனோம். அந்தப் புள்ளை பேரு இந்துஜா. திருப்பூர்ல சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ற ஆலையில, லேப்ல வேலை. ஜாதகம் அருமையாப் பொருந்தியிருந்துச்சு. அக்காவுக்கு அப்பவே பாதிக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி சந்தோசம்.

பெரியவங்க காப்பி குடிக்க ஒக்காந்துட்டு, நீங்க ரெண்டு பேரும் சித்தெ நடந்துட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. நடந்தோம். நான் பயனுள்ளதா நாலு விசயம் பேசலாம்னு, சீட் பெல்ட்டு போடாம முட்டுனா நெஞ்செலும்பு எப்படி ஒடையும்னு சொன்னேன். அப்பறம் பின்னாடி ஒக்கார்றவங்க ஏன் பெல்ட்டு போடணும்னு சொன்னேன். அந்தப் புள்ளை கையை வச்சு மறைச்சுட்டுக் கொட்டாவி விட்டுச்சு. பாவம், வேலை அலுப்பு போலிருக்குதுன்னு நெனச்சுட்டேன்.

அந்த மாடியில வெளையாட்டுச் சாமானுங்க எல்லாம் இருக்கற ஒரு எடம். லைட்டும் சத்தமும். உள்ள நொழைஞ்ச ஒடனே அந்தப் புள்ளைக்கு மொகமே மாறிப் போச்சுங்க.

"நீங்க இது ஓட்டிருக்கீங்களா?"ன்னு கேட்டுச்சு.

ரெண்டு மெசினு, பக்கத்துப் பக்கத்துல. கார் சீட்டு மாதிரியே சீட்டு, ஸ்டியரிங்கு, கீழ பெடலு, முன்னாடி டீவி.

"நெச வண்டியே ஓட்டறேனுங்க. இதுவரைக்கும் ஒரு சின்ன ஒரசல்கூட இல்லை"ன்னேன்.

"அது வேறங்க, இது வேற. வாங்க, ஒரே ஒரு ஆட்டம். நீங்க வலது பக்கம் ஒக்காருங்க."

ஒக்காந்தேன். பெல்ட்டைத் தேடுனேன், இல்லை. இண்டிகேட்டரைத் தேடுனேன், அதுவும் இல்லை. அதுக்குள்ள செவப்பு, மஞ்ச, பச்சைன்னு லைட்டு விழுந்துருச்சு. அந்தப் புள்ளை பறந்துருச்சு. அதுவும் என்னை இடது பக்கமா முந்திட்டுப் போகுதுங்க. "இடது பக்கம் முந்தறது தப்புங்க"ன்னு சொன்னேன். காதுலயே வாங்கலை.

நானும் மிதிச்சேன். மிதிச்சா அந்த சீட்டு அடியில இருந்து உறுமுதுங்க. முதுகுத்தண்டுல ஏறுது அந்த உறுமல். ஸ்டியரிங்கு கைக்குள்ள உயிரோட துடிக்குது. ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மலை, குறுக்க ஒரு ஆட்டோ இல்லை, ஒரு எருமை இல்லை, ஸ்பீடு பிரேக்கரு இல்லை. வளைவுல பின் சக்கரம் வழுக்கிட்டுப் போகறப்ப ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சுப் புடிச்சா, காரு அப்படியே நழுவி, நேரா நிமிந்து, குதிரையாட்டப் பாயுது. நான் சொல்றது உங்களுக்குப் புரியும். அந்த ஒரு நொடி இருக்குதே, அதுக்குள்ள ஒடம்புல எடையே இல்லாம, நான் யாருன்னே... சரி, அதை விடுங்க. அருவருப்பான வெளையாட்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மொத்தம் ஏமாத்துங்க. எல்லாக் காரையும் தாண்டி முன்னாடி போயிட்டேன். பின்னாடி ஒரு மஞ்சக் காரு. மெசினே ஓட்டற காரு அது. நான் மெதுவாப் போனா அதுவும் மெதுவா வருது. நான் பறந்தா அதுவும் பறக்குது. அதுக்குன்னு சொந்தமா ஒரு வேகமே கெடையாதுங்க. நாம எவ்வளவு நல்லா ஓட்டுனாலும் பின்னாடியே ஒட்டிட்டு வந்து, கடைசி வளைவுல நம்மளைத் தாண்டறதுதான் அதுக்குப் பொழைப்பு. ஒழுங்கா ஓட்டறவனுக்கு என்னங்க மரியாதை அதுல?

அந்த மஞ்சக் காரைச் சமாளிச்சுட்டு, பாலம் ஏறி, ஆட்டம் முடியற கோடு கண்ணுக்குத் தெரியறப்ப, பின்னாடி இருந்து மடார்னு ஒரு இடி. என்ற காரு பாலத்துல இருந்து கடலுக்குப் போயிருச்சு. இடிச்சது யாருங்கறீங்க? பக்கத்து சீட்டுக்காரி.

"என்னங்க இடிக்கறீங்க?"

"இதுல இடிக்கலாமுங்க"ன்னு சிரிக்குது.

கல்யாணம் பண்ணிக்கப் போறவனைக் கடல்ல தள்ளிட்டுச் சிரிக்கற பொண்ணை நீங்க எங்காச்சும் பார்த்திருக்கீங்களா? மரியாதைக்காக இன்னொரு ஆட்டம் ஆடுனேன். அதுலயும் தள்ளுச்சு. பாதியில எந்திரிச்சா நல்லாருக்காதேன்னு இன்னொண்ணு. காப்பி குடிச்சுட்டு இருந்தவங்க எல்லாம் எங்களைத் தேடிட்டு மேலயே வந்துட்டாங்க. ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிக்கலை.

அன்னைக்குப் பொழுதோட அக்காவுக்கு போனு வந்துச்சு. அவங்களுக்கு முழுச் சம்மதம். நான் வேண்டாம்னுட்டேன்.

"ஏண்டா? என்ன கொறை கண்டே அந்தப் புள்ளைகிட்ட?"

"முரட்டுப் புள்ளைக்கா. குடும்பத்துக்கு ஆகாது."

"முரடா? ஆட்டம் முழுக்கச் சிரிச்சுட்டே இருந்துச்சு. நீயுந்தான் சிரிச்சே."

"நான் எங்க சிரிச்சேன்?"

அவ போனை எடுத்துக் காட்டுனா. வீடியோ புடிச்சு வச்சிருக்கறா. ஒருத்தன் வாயைப் பொளந்து, ஈறு தெரிய, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுட்டு ஸ்டியரிங்கைப் போட்டுச் சுத்தறான். சட்டை வெளிய வந்து கெடக்குது. என்னமோ கத்தறான், சொல்லுகூடப் புரியலை. எனக்குக் கூசிப் போச்சுங்க. இதை மொதல்ல அழின்னேன். மாட்டேனுட்டா.

"அம்மா போனதுக்கப்பறம் நீ சிரிச்சு இப்பத்தாண்டா பார்க்கறேன்"ன்னு மூக்கை உறிஞ்சறா. என்னங்க பேச்சு இது? அப்ப இத்தனை வருசம் நான் என்ன அழுதுட்டா இருந்தேன்? அதைவிடக் கூத்து, அந்தப் புள்ளையும் அதையேதான் அவங்க ஊட்டுல சொல்லிருக்குது. சீட் பெல்ட்டைப் பத்திப் பேசறப்ப இவர் வேண்டாம்னு நெனைச்சுச்சாம். காருக்குள்ள ஒக்காந்து சிரிச்சதைப் பார்த்தப்பறம் சரின்னு பட்டுச்சாம். ஒரு மனுசன் நெலை தடுமாறி இளிச்சதைப் பார்த்து ஒரு பொண்ணு சம்மதம் சொல்லுமுங்களா? என்ற படிப்பு, வேலை, நான் வண்டி ஓட்டற பக்குவம், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியலை. முடியவே முடியாதுன்னுட்டேன். அக்கா என்கூடக் கொஞ்ச நாள் பேசலை.

ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்திட்டே இருந்துச்சுங்க. அந்த மெசினுல கோளாறு இருக்கணும். என்ற மெசினுல. அதனாலதான் அந்தப் புள்ளை என்னை வலது பக்கம் ஒக்காருங்கன்னு அவ்வளவு அக்கறையாச் சொல்லிருக்குது. ஸ்டியரிங்கு ஆடியிருக்கும், பெடலு பிசகியிருக்கும். சேதம் என்னன்னு பார்க்காம விடறதுக்கு மனசு வரலைங்க, தொழில் புத்தி. சனிக்கிழமை ஆனாப் போயிருவேன். வெளையாட இல்லை. சோதனை பண்ண.

கையை எடுத்துட்டு நேரா வுட்டுப் பார்த்தேன், காரு நேராத்தான் போச்சு. பிரேக்கை மெதுவா அமுக்கிப் பார்த்தேன், அழுத்தமா அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு ஆட்டத்துல தெரியாத கோளாறு பத்து ஆட்டத்துல தெரியுமுங்களே. அதனால விடாம ஆடுனேன். அங்க வேலை பாக்கறவங்க எல்லாம் வணக்கம் சொல்ற அளவுக்கு ஆயிப் போச்சு.

ஏனுங்ணா, அந்த வளைவுல பிரேக்கைத் தொடாதீங்க. தொட்டா போச்சு. வளைவு வர்றதுக்கு முன்னாடியே காலை எடுத்துருங்க, உள்பக்கமா ஒட்டி நொழைஞ்சு, பாதி திரும்புனதும் மிதிங்க. ம். பார்த்தீங்களா, அந்த மஞ்சக் காரு பின்னாடி நின்னு போச்சு. உங்களுதுலயும் மஞ்சக் காரு இருக்குது பாருங்க. கருமம்.

எங்க விட்டேன்? ஆங், ஆட்டம் முடிஞ்சா அந்த டீவியில பேருங்க வரும். யாரு எவ்வளவு சீக்கிரம் ஓட்டுனாங்கன்னு. மூணு எழுத்துதான் போட முடியும், இங்கிலீசுல. எல்லாத்துக்கும் மேல ஐ, என், டி-ன்னு இருந்துச்சு. நான் இந்தியான்னு நெனைச்சுட்டேனுங்க. மெசின் பண்ணவன் நம்ம நாட்டு மேல பாசமாப் போட்டிருக்கறான்னு மனசுக்குள்ள சந்தோசம்கூடப் பட்டேன். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் ஒறைச்சுது, அது இந்துஜா. அந்த வாரம் எனக்கு வேலையே ஓடலை. கரூர்ல ஒரு லாரி, முன்பக்கம் மொத்தமாப் போயிருச்சு, அதைப் பார்த்துட்டு நிக்கறேன், கண்ணுல ஐ, என், டி-தான் தெரியுது.

ஒரு சனிக்கிழமை போறேன், வலது பக்கத்து சீட்டுல யாரோ குடும்பத்தோட வந்து ஒக்காந்துட்டு எந்திரிக்கவே இல்லை. வேற வழியில்லாம இடது பக்கத்துல ஒக்காந்தேன். அந்தப் புள்ளை ஒக்காந்திருந்த சீட்டு.

பச்சை விழுந்துச்சு. மிதிச்சேன். காரு செவுத்துல போய் முட்டுச்சு.

மறுபடியும் நேராக்குனேன். மறுபடியும் செவுரு. ஸ்டியரிங்கு இடது பக்கமா இழுத்துட்டே போகுதுங்க. கையை முறுக்கிப் புடிச்சாத்தான் நேரா நிக்குது. பிரேக்கு பாதி நேரம் வேலை செய்யறதில்லை. மொத வளைவைத் தாண்டறதுக்குள்ள நேரம் முடிஞ்சு, டீவி கறுத்துப் போச்சு. அப்படியே ஒக்காந்திருந்தேன். பின்னாடி யாரோ, எந்திரிக்கறீங்களான்னு கேட்டாங்க.

கோளாறான சீட்டுல அந்தப் புள்ளை ஒக்காந்துட்டு, நல்ல சீட்டை எனக்குக் குடுத்திருக்குது. அதுல இருந்துட்டே என்னைக் கடல்ல தள்ளிருக்குது. இதை எப்படிங்க ஜீரணிக்கறது? என்னை ஏமாத்தி ஜெயிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். விட்டுக் குடுத்திருக்குதுங்க. எனக்குப் போய்.

அதுக்கப்பறம் நான் வலது பக்கம் ஒக்காரவே இல்லை. இடது பக்கம்தான். மணிக்கட்டு வீங்கிப் போச்சு, ஆபீசுல கேட்டவங்ககிட்ட டயர் மாத்தறப்ப சுளுக்கிருச்சுன்னு சொன்னேன். அந்த இழுப்பு பழகப் பழக, அது எங்க இழுக்கும், எங்க விடும்னு கைக்கே தெரிஞ்சு போச்சு.

இன்னைக்கு மத்தியானம் அங்க சும்மா நின்னுட்டு இருந்தனுங்க. வெளிய வெய்யிலு, உள்ள ஏசி, அவ்வளவுதான். சனிக்கிழமைல அந்தப் புள்ளை வந்தாலும் வரும்னு எல்லாம் நான் நெனைக்கலை. வந்துச்சு. என்னைப் பார்த்ததும் கூச்சமே இல்லாம நேரா வந்து, "நல்லா இருக்கீங்களா?"ன்னுச்சு.

நான் சுத்தி வளைக்கலை. "அந்த இடது பக்கத்து சீட்டு கோளாறுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமே. எப்பவும் அப்படித்தான் இழுக்கும்."

"அப்பறம் ஏன் அதுல ஒக்காந்தீங்க?"

"உங்களுக்கு அன்னைக்கு அது மொத தடவையாச்சே. அதான் நல்ல சீட்டு உங்களுக்கு."

அவ்வளவுதானுங்க பதிலு. வந்த ஒறம்பரைக்கு நல்ல தட்டுல சோறு போட்ட மாதிரிச் சொல்லுது. எனக்கு மொகமெல்லாம் எரிஞ்சுது. இன்னைக்கு ஒரு ஆட்டம் போடலாம், நீங்க வலது பக்கம் ஒக்காருங்க, நான் இடது பக்கம்னேன். சரின்னு ஒடனே ஏறி ஒக்காந்துருச்சு.

ஓட்டுனேன் பாருங்க. அந்த மஞ்சக் காரு வந்துச்சு, செவுத்தோட சேர்த்து ஒரசி விட்டேன். பாலத்துல அந்தப் புள்ளை பின்னாடி வர்றது தெரிஞ்சுது. இடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சு, ஸ்டியரிங்கை அது இழுக்கற பக்கமே விட்டேன். அந்தப் புள்ளை என்னை விட்டுத் தவறி நேராக் கடலுக்குப் போச்சு. நான் கோட்டைத் தாண்டுனேன். பேரு போடச் சொல்லி டீவி கேக்குது. ஐ, என், டி ரெண்டாவது எடத்துக்கு எறங்கிருச்சு.

திரும்பிப் பார்க்கறேன், அந்தப் புள்ளை கை தட்டுது. சிரிப்பு. அன்னைக்கு என்னைத் தள்ளுனப்ப எப்படிச் சிரிச்சுச்சோ அதே சிரிப்பு, கொஞ்சங்கூடக் கொறையலை. "செமையா ஓட்டுனீங்க"ங்குது. தோத்தவளுக்கு ஒரு வருத்தம் வேண்டாமுங்களா? கொறைஞ்சது உதட்டையாவது கடிக்க வேண்டாமா?

"எனக்கு விட்டுக் குடுத்தீங்களா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்க, நெசமாவே தோத்துட்டேன்."

எதை நம்பறது?

அப்பத்தான் ஒருத்தர் ரெண்டு கையிலயும் பாப்கார்ன் வச்சுட்டு வந்தாரு. கௌசிக்காம். அவருக்கும் அந்தப் புள்ளைக்கும் நிச்சயம் ஆயிருச்சாம், வர்ற தை மாசம் கல்யாணம். அந்தப் புள்ளை என்னைக் காட்டி, இவரு என்னைத் தோக்கடிச்சுட்டாருன்னு சொல்லுது. அந்த மனுசன் என்ற கையைப் புடிச்சுக் குலுக்கறாருங்க. "நான் ஒரு தடவைகூட இவளை ஜெயிச்சதில்லீங்ணா. எப்படி ஓட்டுனீங்க, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க"ன்னு. தோத்துத் தோத்து வந்த ஒரு ஆம்பளை அதைப் பெருமையாச் சொல்லிட்டு பாப்கார்னை நீட்டறான்.

அவரு தண்ணி பாட்டில் வாங்கப் போனப்ப அந்தப் புள்ளை கேட்டுச்சு. "கேக்கக் கூடாது, ஆனா கேக்கறேன். அன்னைக்கு ஏனுங்க வேண்டாம்னு சொன்னீங்க?"

வாயில வந்ததைச் சொன்னேன். "ஜாதகம் பொருந்தலைங்க."

"அப்படிங்களா. எங்க ஜோசியரு நல்லாப் பொருந்துதுன்னு சொன்னாரே." பையில இருந்து கார் சாவியை எடுத்துச்சு. "சரி விடுங்க. உங்களுக்கு நல்ல எடமா அமையட்டும்."

பஸ்ஸுக்குத்தானே போறீங்க, உக்கடத்துல விட்டர்றோம்னு ரெண்டு பேரும் புடிவாதமாக் கூட்டிட்டுப் போனாங்க. வண்டியை அந்தப் புள்ளைதான் ஓட்டுச்சு. நான் பின்னாடி ஒக்காந்து பெல்ட்டைப் போட்டுட்டு, எங்க தப்புப் பண்ணும்னு பார்த்துட்டே வந்தேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இண்டிகேட்டரு. கண்ணாடியைப் பார்க்காம ஒரு தடவை லேன் மாறலை. நடக்கறவங்களுக்கு நின்னு வழி விட்டுச்சு. என்னைவிட மெதுவாப் போச்சுங்க. இத்தனை வருசம் சர்வேயரா இருக்கறேன், ஒரு கொறை சொல்ல முடியலை.

"இவ்வளவு ஒழுங்கா ஓட்டறவங்க அங்க ஏங்க அப்படி இடிக்கறீங்க?"ன்னு கேட்டேன்.

"இங்க இடிக்க முடியாதில்லைங்களா"ன்னுச்சு. முன்னாடி ஒக்காந்திருந்த அந்தாளு விழுந்து விழுந்து சிரிச்சாரு. கண்ணாடியில பார்த்தேன், எனக்கும் வாய் கோணிட்டுத்தான் இருந்துச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

இறக்கி விட்டுட்டுக் கையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. நான் நேரா வந்து இந்த பஸ்ஸுல ஏறுனேன்.

இருங்க, என்ற போனு அடிக்குது. அக்காதான். நான் சனிக்கிழமை எங்க போறேன்னு அவளுக்குத் தெரியும். எல்லாச் சனிக்கிழமையும் இந்த நேரத்துக்குக் கூப்புடுவா, இன்னைக்காச்சும் ஜெயிச்சியாடான்னு கேப்பா. கேலியா இல்லைங்க, நெசமாவே கேப்பா. ஜெயிச்சுட்டேன்னு அவகிட்டச் சொல்லணும்னுதான் இத்தனை நாள் மணிக்கட்டை வீங்க வச்சுட்டு அலைஞ்சேன். இப்ப அந்த வார்த்தையை வாயில எடுத்தாலே எச்சில் கசக்குது.

அடிச்சு ஓயட்டும். நீங்க ஆடுங்ணா. சத்தத்தை வேணும்னா வச்சுக்கங்க.